விதவைச் சரிவில் ஒரு வழக்கு

பனியில் சறுக்கிக் கைதேர்ந்த வெள்ளைக்காரருக்கு ஒரு நோய் உண்டு. பயம் தராத மலை அவர்களுக்குப் பிடிக்காது. நீலக் கோடு போட்ட சரிவு பிள்ளைகளுக்கு, சிவப்பு மாமன் மாமிக்கு, கறுப்புத்தான் மனிதருக்கு என்று பேசிக்கொள்வார்கள். வருடம் முழுவதும் கந்தோரில் கதிரைக்குப் பாரமாக இருந்துவிட்டு, பனிமாரி வந்ததும் உயிர்ப்பயத்தைக் காசு கொடுத்து வாங்கப் புறப்படுவார்கள். நாங்கள் மன்னாரில் அதைச் சும்மா அனுபவித்தவர்கள். ஆகவே அவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அப்படிப்பட்டவர்கள் படிக்கும் ஒரு சஞ்சிகையில், ‘தேர்ந்தவர்களுக்குச் சவாலான சறுக்குத் தலங்கள்’ என்ற கட்டுரையில், என் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் முழுப்பக்கப் படமாக வந்தார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அந்தப் படம்தான் எங்களைக் கொழும்புக்கு விமானம் ஏற்றப் பார்த்தது.

நாங்கள் இருந்தது ஜேர்மனியின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன மலையூர். மலைக்கு அந்தப் பக்கம் ஒஸ்ரியா. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அகதி மனுக் கொடுத்தவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கவேண்டும். கொலோனில் சொந்தக்காரரின் பிள்ளைக்குத் திருமுழுக்கு என்றாலும், டேர்மின் என்று நாள் எடுத்து, அன்ராக் என்று மனு எழுதி, கந்தோரில் நின்று பல்லைக் காட்டவேண்டும். அனுமதி வரும்போது பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும்.

என் கணவரின் வலது முழங்கால் மன்னாரில் போனது. சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய், துவக்குப் பிடியால் அடித்து நொறுக்கினார்கள். எலும்பு கோணலாகப் பொருந்தியது. படி ஏறும்போது அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் ஏறுவார். எங்கள் மனுவில் இருந்த பெரிய சாட்சி அந்தக் கால்தான். முதலில் விசாரித்த கந்தோர், அது பந்து விளையாடி முறிந்ததாகவும் இருக்கலாம் என்று எழுதி மனுவைத் தள்ளியது. பந்து! மனுசன் பந்துக்குப் பயந்து பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் போய் வீட்டுக்கு வந்த ஆள். அப்பீல் நீதிமன்றத்தில் கிடந்தது. அதிலும் தோற்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அவருக்கு வேலை அனுமதி ஒரே ஓர் இடத்துக்குத்தான் கிடைத்தது. மலையுச்சி உணவுவிடுதியில் கோப்பை கழுவுகிற வேலை. காலையில் கேபிள்காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்னேரம் கடைசி விருந்தாளியோடு கேபிள்கார் நின்றுவிடும். சட்டிபானை அதற்குப் பிறகுதான் கழுவி முடியும். வேலைக்காரர் எல்லாரும் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் காலில் பூட்டிக்கொண்டு நீலச் சரிவால் வீட்டுக்கு இறங்குவார்கள். பச்சைப்பிள்ளையும் இறங்கக்கூடிய வழி அது. ஒரே ஒரு குறை, நடுவில் கொஞ்சத் தூரம் அது ஒஸ்ரியாவுக்குள் போய் வளைந்து திரும்பும். அந்த வளைவில் எல்லைக் காவல் குடிசை ஒன்று இருந்தது. ஊர்க்காரரைக் கண்டால் காவலர்கள் கை காட்டுவார்கள். எங்களுக்கோ சட்டத்தரணி முதலிலேயே சொல்லிவிட்டார்: ஒஸ்ரியாவில் ஒரு விரலை வைத்தாலும் திரும்ப உள்ளே எடுக்கமாட்டார்கள், மனுவும் அதோடு சரி.

மிச்சம் இருந்தது ஒரே வழி. உச்சி முதல் அடிவாரம் வரை முழுக்க ஜேர்மன் மண், முழுக்க எங்கள் மாவட்டம். அதற்கு ஊர்க்காரர் பழைய காலத்திலேயே வைத்த பெயர் விதவைச் சரிவு. கறுப்புக் கோடு. மேலே நின்று பார்த்தால் கீழே கோயில் கூரை தெரியும், இடையில் ஒன்றும் தெரியாது. தேர்ந்தவர்கள் மட்டும் இறங்கவும் என்று பலகை வேறு. என் கணவருக்கு அதுவரை ஐஸ்கிறீமைத் தவிர வேறு பனியோடு பழக்கம் இல்லை.

“இஞ்சாருங்கோ, அதால விழுந்து செத்துப்போனா எங்கட அன்ராக் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“செத்தாலும் மாவட்டத்துக்குள்ளதானே சாவன். சட்டப்படி பிழை இல்லை,” என்றார்.

முதல் மாரியில் சரிவின் ஓரத்துப் பற்றைகளைப் பிடித்துக்கொண்டு, குந்திக் குந்தி இறங்கினார். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது மனிதரைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும். பிறகு முதலாளி இரக்கப்பட்டுத் தன் பழைய ஸ்கீயைக் கொடுத்து, அதைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து மெல்ல மெல்ல வழுக்கி இறங்கக் காட்டிக்கொடுத்தார். என் கணவர் பாரம் முழுவதையும் இடது காலில் போடுவார். வலது கால் பின்னால் இழுபட்டு வரும். விழுந்தார், எழும்பினார், ஒவ்வொரு நாளும் அதே மலை. இன்னொரு மாரி முடிவதற்குள் விழுவது நின்றுபோயிற்று. மனிதர் சறுக்கு வீரரானது ஆசையால் அல்ல, வெளிநாட்டவர் சட்டத்தால்.

ஒரு பின்னேரம் சஞ்சிகைக்காரன் ஒருவன் அவரைப் படம் பிடித்தான். சமையலறைக் காற்சட்டை, தலையில் நான் பின்னிய தொப்பி, இழுபடும் வலது கால். படத்துக்குக் கீழே ‘உள்ளூர் வல்லவர் ஒருவரின் தனிப்பாணி’ என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வாரமே மியூனிக்கிலிருந்து விலையுயர்ந்த உடுப்புகளோடு கனவான்கள் வந்து இறங்கினார்கள். வலது காலை இழுத்து இழுத்துப் பழகினார்கள். ஆமி அடித்து முறித்த காலைப் பார்த்து, நல்ல கால் உள்ளவர்கள் நொண்டிப் பழகியதை நான் என் கண்ணால் கண்டேன். யாருக்குச் சொல்லி அழுவது?

அது அதோடு போயிருக்கும். நவரத்தினம் அண்ணை இல்லாவிட்டால்.

நவரத்தினம் அண்ணை கொலோனில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கம் அப்போதுதான் இரண்டாக உடைந்திருந்தது, இரண்டுக்கும் தலைவர் நானே என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கேயோ அந்தச் சஞ்சிகையைக் கண்டிருக்கிறார். உடனே ஒரு வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொன்னாடையும் வீடியோ கமராவுமாக எங்கள் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். கட்டிலில் விருந்தினர், சலவை இயந்திரத்தின் மேல் குத்துவிளக்கு. ‘பனிமலைச் சிங்கம்’ என்று பட்டம் கொடுத்தார்கள். சிங்கம் வெட்கப்பட்டுக்கொண்டு கட்டில் நுனியில் இருந்தது. அண்ணை பேசிய பேச்சில் தேநீர் ஆறிப் போயிற்று, திரும்பக் கொதிக்கவைத்தேன், அதுவும் ஆறியது.

போகும்போது வாசலில் நின்று என் காதில் சொன்னார்:

“தங்கச்சி, கேசைப் பற்றி யோசிக்காதேங்கோ. நான் நல்ல வார்த்தை ஒண்டு போட்டிருக்கிறன்.”

“ஆருக்கு அண்ணை?”

“நீதவானுக்குத்தான். சங்கத்தின்ர லெட்டர்ஹெட்டில, நல்ல டொச் பாஷையில. இந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பியாச்சு. இந்த மண்ணில எப்பிடிக் கலந்து வாழுறார், எப்பேர்ப்பட்ட வீரன் எண்டு அந்தாள் பார்க்கட்டும்.”

எங்கள் ஊரில் அப்படித்தான். எந்தக் காரியமும் யாராவது பெரிய மனிதர் ஒரு வார்த்தை போட்டால்தான் நடக்கும். வேலைக்கும் போடுவார்கள், பள்ளிக்கூட அனுமதிக்கும் போடுவார்கள். ஆனால் கால் ஏலாது என்று அழுதுகொண்டிருக்கும் வழக்கில், அதே கால் மலை இறங்கும் படத்தை எங்கள் பக்கச் சாட்சியாக அனுப்பிவைக்க எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும்.

“என்ன அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்!” என்று கத்தினேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து அவர் கைகூப்பினார்.

விசாரணையில் நீதிபதி லெக்னர் முதலில் எடுத்ததே அந்தப் படத்தைத்தான். ஐம்பது வயதிருக்கும், வெயிலும் பனியும் பட்டுச் சிவந்த முகம். மொழிபெயர்க்க மியூனிக்கிலிருந்து வரதராஜன் என்றொரு சென்னைக்காரர் வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை செய்பவர், இது அவருக்குப் பக்கத் தொழில்.

“இது நீங்களா?” என்று நீதிபதி கேட்டார்.

“ஓம்,” என்றார் என் கணவர். பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கட்டினால் இதுதான் கதி.

“இந்தச் சரிவு எனக்குத் தெரியும். பாதியில் ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்,” என்ற நீதிபதி, அதைப் பதிவில் எழுதவேண்டாம் என்று எழுத்தரிடம் சொன்னார். “முழங்கால் சிதைந்தவர் இதில் இறங்க முடியாது. நீங்கள் இறங்குகிறீர்கள். ஆகவே முழங்கால் சிதையவில்லை.”

“வேறை வழி இல்லை ஐயா. மற்ற வழி ஒஸ்ரியாவுக்குள்ளால போகுது.”

வரதராஜன் அதை மொழிபெயர்த்ததும் நீதிபதி சிரித்துவிட்டார். “ஒரு மாவட்ட விதிக்காகக் கழுத்தை முறிக்க ஒரு ஜேர்மன்காரனே துணியமாட்டான்,” என்றார். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. விதியை மீறினாலும் துரத்துவார்கள், விதிக்குப் பணிந்தாலும் நம்பமாட்டார்கள்.

ஆனால் படத்தின் மேலிருந்து அந்த மனிதரின் கண் நகரவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், நீதிமன்றம் சம்பவ இடத்தை நேரில் பார்வையிடும், மனுதாரர் வழக்கமாக இறங்கும் நேரத்திலேயே இறங்கிக் காட்டவேண்டும் என்று கட்டளை போட்டார். எங்கள் எதிர்ப்பக்கக் கந்தோரின் ஆள், பனிக்குள் வரத் தனக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நழுவினார்.

“ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க மேடம்,” என்றார் வரதராஜன் வெளியே வந்து. “ஜட்ஜ் ஒரு சீரியஸ் ஸ்கீயர். அவருக்கு இது ஒரு சான்ஸ். அரசாங்கச் செலவுல பிளாக் ரன்.”

குறித்த நாளில் நீதிபதி வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்கவேண்டும். அவருடைய குளிர்ச்சட்டையின் சிப் இழுவையில் சமோனி, வெர்பியே, சங்ற் அன்ரன் என்று போன மலைகளின் லிஃப்ட் ரிக்கற் அட்டைகளெல்லாம் கொத்தாகத் தொங்கின. அவற்றைக் கழற்றாமல் வைத்திருப்பது அவர்களுக்குள் ஒரு பெருமை. எங்கள் சட்டத்தரணிக்கு உயரம் ஒத்துவராது, அடிவாரக் கோப்பிக்கடையில் இருந்துவிட்டார். நவரத்தினம் அண்ணையும் வந்திருந்தார், கமராவோடும் இன்னொரு பொன்னாடையோடும். அவரைப் பார்க்காமல் நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

என் கணவர் வழக்கம்போலக் காலையிலேயே மேலே போயிருந்தார். நீதிபதியும் வரதராஜனும் கேபிள்காரில் மேலே போனார்கள். கேள்வி கேட்டு முடிந்து, கடைசிப் பெட்டியில் வரதராஜன் மட்டும் திரும்பி வந்தார். கேபிள்கார் நின்றது. காற்று எழும்பியிருந்தது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளைச் சரிவில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்று குறுக்காக மெல்ல மெல்ல வழுக்கி வந்தது. அது என்னுடையது. மற்றது அழகாக வளைந்து வளைந்து பாய்ந்து வந்தது. திடீரென்று பாய்ந்துவந்த புள்ளி உருண்டது. பிறகு இரண்டு புள்ளிகளும் நின்றுவிட்டன.

“ஆர் விழுந்தது?” என்று நவரத்தினம் அண்ணையின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“கமராவில தெரியேல்லைத் தங்கச்சி. பற்றறியும் முடிஞ்சுது.”

மேலே நடந்ததை என் கணவர் பிறகு சொன்னார். நீதிபதியின் முழங்காலில் மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். முகம் பனியைவிட வெளுத்துப்போயிற்று. மலையில் வேறு ஒருவரும் இல்லை. நான் போய் ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். இந்தக் குளிரில் என்னைத் தனியே விட்டுப்போகாதே என்று நீதிபதி அவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்னப் பாதை நீலச் சரிவுக்குப் போகிறது. நீதிபதிக்கு அது தெரியும்.

“அந்தப் பாதையால் போவோம். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்,” என்றார்.

“அது ஒஸ்ரியா ஐயா.”

“நான் நீதிபதி. நான் அனுமதிக்கிறேன்.”

என் கணவருக்கு இருந்தது கோப்பை கழுவும் இடத்தில் பழகிய டொச். அதை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “போக விடுவீங்கள். திரும்பி வரவும் விடுவீங்களோ?”

நீதிபதி அந்தக் குளிரில், அந்த வலியில், கொஞ்ச நேரம் யோசித்தாராம். அந்த மனிதரைப் பற்றி எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும், அவர் நேர்மையானவர். பொய்யாக ஓம் என்று சொல்லித் தன் காலைக் காப்பாற்றியிருக்கலாம்.

“திரும்பி வருவது எல்லைக் காவலின் பொறுப்பு. என் அதிகாரத்துக்குள் வராது,” என்றார்.

“அப்ப இதாலதான் ஐயா.”

இரண்டு பேரும் விதவைச் சரிவாலேயே இறங்கினார்கள். என் கணவர் கீழ்ப் பக்கம், நீதிபதி மேல் பக்கம், கை அவர் தோளில். பாரத்தை நல்ல காலில் மட்டும் போடுங்கோ, மற்றக் காலை மறந்துபோங்கோ, அது தானாக வரும் என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொடுத்தார். நடுவில் நீதிபதி குழந்தைபோல அழுதுவிட்டார். முடியாது, என்னால் முடியாது என்று கத்தினார்.

“எனக்கும் ஏலாதுதான் ஐயா,” என்றார் என் கணவர். “இறங்குங்கோ.”

அடிவாரத்து விளக்கு வெளிச்சத்துக்குள் அவர்கள் வந்தபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி வலது காலை இழுத்து வந்தார்கள். மது விடுதி வாசலில் நின்ற மியூனிக் கனவான்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். என்ன அருமையான பாணி என்று ஒருவன் சத்தமாகச் சொன்னான். நான் ஓடிப்போய் என் மனிதரைத் தொட்டுப் பார்த்தேன், தலை, கை, கால் எல்லாம் இருந்தது. நீதிபதி நடுங்கிக்கொண்டிருந்தார். நவரத்தினம் அண்ணையின் கையிலிருந்த பொன்னாடையைப் பறித்து அவர் மேல் போர்த்தினேன். அண்ணைக்கு ஒரே சந்தோசம், முதல் தடவையாக ஒரு வெள்ளைக்கார நீதவானுக்குச் சங்கம் பொன்னாடை போர்த்தியதாகப் பிறகு ஆண்டு மலரில் எழுதினார்.

தீர்ப்புக்குப் போனபோது நீதிபதி இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தார். உட்காரவே நேரமெடுத்தது. பிறகு வாசித்தார். ஒரு சரிவால் ஒருவர் இறங்கியது, அவரின் கால் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. வேறு வழி இல்லாதபோது சிதைந்த முழங்காலோடும் இறங்க முடியும். இதை நீதிமன்றம் நேரில் கண்டறிந்தது. மனுதாரரை நம்புகிறோம், இங்கேயே இருக்கலாம்.

வரதராஜன் மொழிபெயர்க்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. விம்மி விம்மி அழுதேன். இத்தனை வருடம், எத்தனை வைத்தியர் கடிதம், எத்தனை எக்ஸ்ரே. ஒன்றையும் நம்பாத நீதி, தன் சொந்த முழங்கால் முறிந்த பிறகுதான் நம்பியது. நன்றி என்று சொல்லக் கையெடுத்தேன், கோபத்தில் பாதியிலேயே கீழே விட்டேன். என் கணவர் மட்டும் நீதிபதியிடம் போய், கால் எப்படி என்று விசாரித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்கள்.

வெளியே வாங்குப் பலகையில் அடுத்த வழக்குக்காரர் இருந்தார். லோறன்ஸ், எங்கள் மன்னார்ப் பக்கத்து ஆள்தான், முப்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். என் சிவந்த கண்ணைக் கண்டு எழும்பிவிட்டார்.

“அக்கா, என்ன, தள்ளிப்போட்டாங்களோ?”

“இல்லைத் தம்பி. தந்திட்டாங்கள்.”

அவர் முகம் வெளிச்சமானது. “அப்ப இந்த நீதவான் நல்லவரோ அக்கா?”

“உங்களுக்கு எங்கை அடி?”

“முதுகில அக்கா. கம்பியைக் காய்ச்சிச் சுட்டவங்கள். கந்தோரில, அது சமையலறையில சுட்டதாயும் இருக்கலாம் எண்டு எழுதிப்போட்டாங்கள்.”

கதவு திறந்திருந்தது. உள்ளே நீதிபதி லெக்னர் ஊன்றுகோல்களை மேசையில் சாய்த்துவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. எழுத்தர் லோறன்சின் பெயரைக் கூப்பிட்டாள்.

“நல்லவர்தான் தம்பி,” என்றேன். “கால் எண்டால் அவருக்கு விளங்கும்.”